யூதக் குழந்தைகளின் கோடை முகாமில் என்னதான் நடக்கிறது?

முல்லைச்சரம்

நாங்கள் நியூஜெர்சியில் இருக்கிறோம். மகளுக்குப் பத்து வயது. அவளுடைய நெருங்கிய தோழி யூதக் குடும்பத்துப் பெண். பள்ளி முடிந்ததும் அந்தப் பெண் பென்சில்வேனியா மலைப்பக்கம் ஒரு முகாமுக்குக் கிளம்பிவிடுவாள். ஒரு மாதம் கழித்துத்தான் வீடு திரும்புவாள். போன கோடையில் திரும்பி வந்தவள் எங்கள் வீட்டில் சாப்பிட்டு முடித்ததும் மேஜையைத் தாளத்தோடு தட்டி ஹீப்ருவில் ஒரு நீண்ட பாட்டைப் பாடினாள். என் மகள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று முதல் "நானும் போகணும்" என்று ஒரே பிடிவாதம்.

யூதர் அல்லாத பிள்ளைகளைச் சேர்ப்பார்களா? அங்கே நடப்பது மதப் பாடமா, விளையாட்டா? நாங்கள் சைவம், சாப்பாடு ஒத்துவருமா? ஒரு மாதம் கைபேசி கிடையாதாம், பிள்ளைகள் எப்படித் தாங்குகிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சேர்க்க முடியாவிட்டாலும் பரவாயில்லை, அந்தக் குழந்தையின் முகத்தில் இருந்த மகிழ்ச்சிக்குக் காரணம் என்ன என்று எனக்கே தெரிந்துகொள்ள ஆசை.

ஏரிக்கரை

என் மனைவி யூதர். அவர் சிறுவயதில் போன முகாமுக்கே இப்போது எங்கள் பிள்ளைகள் இருவரும் போகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சேர்க்கை. இரவு தங்கும் முகாம்கள் பெரும்பாலும் யூதப் பிள்ளைகளுக்காக நடப்பவை. வெறுப்பினால் அல்ல, அந்த முகாமின் நோக்கமே அதுதான். ஆனால் யூத சமூக மையங்கள் (இங்கே எல்லோரும் ஜேசிசி என்றுதான் சொல்வார்கள்) நடத்தும் பகல் முகாம்கள் அனைவருக்கும் திறந்தவை. காலையில் போய் மாலையில் திரும்பலாம். எங்கள் பகுதி ஜேசிசியில் இந்தியப் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளும் நிறையப் பேர். உங்கள் மகளுக்கு நான் சொல்வது அதைத்தான்.

இனி உள்ளே நடப்பது. யூத முகாம் என்று ஒரே வகை கிடையாது. மரபுக்கும் மாற்றத்துக்கும் நடுவில் நிற்கும் கன்சர்வேடிவ் பிரிவினரின் ரமா முகாம்கள், நவீனப் போக்குடைய ரிஃபார்ம் பிரிவினரின் முகாம்கள், மரபை விடாத ஆர்த்தடாக்ஸ் பிரிவினர் ஆண் பெண் தனித்தனியாக நடத்தும் முகாம்கள், சோஷலிச சியோனிச (யூதர்களுக்கு இஸ்ரேலே தாயகம் என்ற கொள்கை) இளைஞர் இயக்கமான ஹபோனிம் ட்ரோரின் முகாம்கள் என்று பல உண்டு. ஹபோனிமில் பிள்ளைகள் கொண்டுவரும் கைச்செலவுப் பணத்தை ஒரே பொதுப்பெட்டியில் போட்டு, எப்படிச் செலவழிப்பது என்று கூடிப் பேசி முடிவு செய்வார்கள். இஸ்ரேலின் கூட்டுப் பண்ணைக் குடியிருப்புகளான கிப்புட்ஸ்களின் வாழ்க்கையைப் பார்த்து எடுத்துக்கொண்ட வழக்கம் அது. எங்கள் பிள்ளைகள் போவது ரமா பாணியிலான ஒரு முகாம், அதனால் அதைப் பற்றிச் சொல்கிறேன்.

மரக் குடில்கள், ஒரு ஏரி, நடுவில் பெரிய புல்வெளி. ஒரு குடிலில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், அவர்களோடே படுத்து எழும் இரண்டு மூன்று வழிகாட்டிகள். காலையில் எழுந்ததும் பிரார்த்தனை, அப்புறம் சாப்பாடு, அப்புறம் குடிலைப் பெருக்கிச் சுத்தம் செய்வது. யார் குப்பைக்கூடை, யார் கழிவறை என்று சுவரில் ஒட்டிய அட்டையைச் சுற்றிவிடுவார்கள். அதற்கு மதிப்பெண்ணும் உண்டு. வீட்டில் தட்டைக்கூட எடுத்து வைக்காத என் மகன் அங்கே கழிவறை கழுவுகிறான்! பிறகு நாள் முழுக்க நீச்சல், படகு, வில்வித்தை, கூடைப்பந்து, களிமண் வேலை, நாடக ஒத்திகை. இடையில் ஒரு மணி நேரம் மதப் பாடம் இருக்கும், அதையும் மரத்தடியில் உட்கார்ந்துதான் நடத்துவார்கள். மதிய உணவுக்குப் பின் ஓய்வு. கடிதம் எழுதுவது அப்போதுதான்.

சாப்பாட்டுக் கூடம், குடில், ஏரி, மருத்துவ அறை எல்லாவற்றையும் ஹீப்ருவில்தான் சொல்கிறார்கள். அறிவிப்புகளும் பாதிக்கு மேல் ஹீப்ரு. பிராட்வே இசை நாடகங்களை ஹீப்ருவில் மொழிபெயர்த்துப் பிள்ளைகளே நடிப்பார்கள். சரளமாகப் பேசக் கற்றுக்கொள்கிறார்களா என்றால் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதப் பள்ளிக்குத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போகவேண்டிய அதே பிள்ளைகள்தான் இங்கே ஹீப்ருவில் கத்தி ஆர்ப்பாட்டம் செய்கிறார்கள்.

அந்த மேஜை தட்டும் பாட்டு, சாப்பிட்டு முடித்தபின் சொல்லும் நன்றிப் பிரார்த்தனை. பிர்கத் ஹமாசோன் என்று பெயர். நூல்களில் அது நீளமான, கண்ணியமான பிரார்த்தனை. முகாமில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் அதில் எங்கே தட்டுவது, எங்கே கை உயர்த்துவது, எங்கே ஒரு சொல்லைக் கத்துவது என்று தாங்களே சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். என் மாமியார் வீட்டில் மூன்று தலைமுறையும் ஒரே மேஜையில் உட்கார்ந்து தட்டும்போது பாத்திரமெல்லாம் ஆடும்.

முல்லைச்சரம்

இவ்வளவு விரிவான பதிலை எதிர்பார்க்கவில்லை, மிக்க நன்றி. வெள்ளிக்கிழமை பற்றி மகளின் தோழி ஏதோ சொன்னாள், வெள்ளை உடை என்று. அது என்ன?

ஏரிக்கரை

ஷபாத், வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை யூதர்களின் வாராந்திர ஓய்வு நாள். முகாமின் உயிரே அதுதான் என்பேன்.

வெள்ளி மதியத்துக்கு மேல் விளையாட்டெல்லாம் நின்றுவிடும். எல்லோரும் குளித்து, குடிலைத் துடைத்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொள்வார்கள். மாலையில் ஒரு குடில்கூட விடாமல் மொத்த முகாமும் ஏரிக்கரைக்கு நடந்து போகும். சூரியன் இறங்க இறங்கப் பாட்டு. ஷபாத்தை மணப்பெண்ணாகக் கருதி வரவேற்கும் பாடலின் கடைசிக் கண்ணி வரும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து திரும்பி நின்று தலை வணங்குவார்கள். அப்புறம் பின்னல் போட்ட ஹல்லா ரொட்டி, கோழிச் சூப், அதற்குப் பிறகு தொண்டை கட்டும்வரை பாட்டு. ரிஃபார்ம் முகாம்களில் கிதார் வாசிப்பார்கள். ரமாவில் ஷபாத் அன்று இசைக்கருவி கிடையாது, கையும் மேஜையும் மட்டும்தான்.

சனிக்கிழமை மணி பார்த்து ஓடவேண்டியதில்லை. எழுதுவது, கைவினை எதுவும் கிடையாது. புல்லில் படுத்துக் கதை பேசலாம். அன்று இரவு மூன்று விண்மீன்கள் தெரிந்ததும் ஹவ்டாலா, ஷபாத்தை வழியனுப்பும் சடங்கு. பல திரி சேர்த்துப் பின்னிய மெழுகுவர்த்தி, ஒரு கிண்ணம் திராட்சை ரசம், வாசனைக்குக் கிராம்பும் பட்டையும். வட்டமாக நின்று தோள்மேல் கை போட்டுப் பாடுவார்கள். பல முகாம்களில் அப்போது பாடும் மெட்டு டெபி ஃப்ரீட்மன் அமைத்தது. 2011-ல் காலமான அந்தப் பாடகி முகாம்களில் பாட்டு சொல்லிக்கொடுப்பவராகத் தொடங்கியவர். இன்று அவருடைய மெட்டுகள் பெரிய தொழுகைக்கூடங்களிலும் ஒலிக்கின்றன. முகாமிலிருந்து பெரியவர்களின் வழிபாட்டுக்குள் போன இசை அது.

என் மனைவிக்கு முகாமென்றால் நீச்சலும் படகும் இல்லை, இந்த இருபத்தைந்து மணி நேரம்தான். பள்ளியில் அவர் வகுப்பில் யூதப் பிள்ளைகள் இரண்டே பேர். வெள்ளிக்கிழமை இரவு நடக்கும் பந்தாட்டத்துக்கு ஏன் வரவில்லை என்று ஒவ்வொரு வாரமும் விளக்க வேண்டியிருந்ததாம். முகாமில் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியதில்லை. சுற்றியிருந்த எல்லோருக்கும் அது சாதாரண வாழ்க்கை. ஒரு சிறுபான்மைக் குழந்தைக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது நம்மைப் போலப் புலம்பெயர்ந்தவர்களுக்குப் புரியும்.

மருந்துப்பெட்டி

நான் செவிலியர். ஒரு கோடையில் இப்படியொரு முகாமின் மருத்துவ அறையில் வேலை பார்த்தேன். தாயாகக் கவலைப்படும் கேள்விகளுக்கு என்னால் பதில் சொல்ல முடியும்.

வீட்டு ஏக்கம் நிஜம். முதல் மூன்று நான்கு நாள் வயிற்றுவலி என்று வரிசையில் நிற்பார்கள். பாதிப் பேருக்கு வயிற்றில் ஒன்றும் இருக்காது, அம்மா நினைப்புதான். தண்ணீர் கொடுத்து, பக்கத்தில் உட்கார வைத்து, வீட்டு நாயின் பெயர் என்ன என்று கேட்டால் போதும், சிறிது நேரத்தில் தோழிகள் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். வீட்டுக்கு உடனே தொலைபேசியில் பேச வைப்பதில்லை. குரலைக் கேட்டால் அழுகை கூடும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் ஒரு வாரம் தாண்டியும் சாப்பிடாமல் தூங்காமல் இருக்கும் பிள்ளையை அப்படியே விட்டுவிட மாட்டார்கள், பெற்றோரை அழைத்துப் பேசுவார்கள்.

நியூயார்க், பென்சில்வேனியா, மாசசூசெட்ஸ் பக்கமெல்லாம் பெரிய கவலை உண்ணிதான். லைம் நோய் அதில்தான் பரவுகிறது. காட்டு நடை முடிந்து வந்தால் காதுக்குப் பின்னால், முழங்காலுக்குப் பின்னால், முடிக்குள் என்று பார்க்கச் சொல்லிக்கொடுப்போம். அடுத்தது பேன். வந்த முதல் நாளே எல்லோர் தலையையும் சோதித்துவிடுவோம். தினசரி மாத்திரைகள் பிள்ளைகள் கையில் இருக்காது. சாப்பாட்டு நேரத்தில் வரிசையாக வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். மூச்சிழுப்புக் கருவியும் ஒவ்வாமை ஊசியும் மட்டும் எப்போதும் வழிகாட்டியின் பையிலேயே இருக்கும்.

சாப்பாடு கோஷர், அதாவது யூத மத உணவு விதிப்படி. பன்றியிறைச்சி, இறால், நண்டு கிடையாது. இறைச்சியும் பாலும் ஒரே வேளையில் வராது. இரண்டுக்கும் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி. அதனால் பால் வேளை என்றால் மேஜையில் இறைச்சியே இருக்காது. சைவப் பிள்ளைகளுக்கு இது பெரிய வசதி. நான் அங்கே நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

எனக்கு மறக்க முடியாதவர்கள் 'டிக்வா' பிள்ளைகள். அறிவு வளர்ச்சிக் குறைபாடு, ஆட்டிசம் உள்ளவர்களுக்கான பிரிவு அது. சிறப்புக் கல்வி ஆசிரியர்களான ஹெர்ப், பார்பரா க்ரீன்பெர்க் தம்பதி 1970-ல் ஒரு ரமா முகாமில் தொடங்கினார்கள். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளை வெளியே அழைத்துப் போகவே பலர் தயங்கினார்கள், மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் ஒத்துக்கொள்வார்களா என்று பயந்தார்கள். பிறகு அது மற்ற ரமா முகாம்களுக்கும் பரவியது. நான் இருந்த இடத்தில் அந்தப் பிரிவு இளைஞர்கள் சாப்பாட்டுக் கூடத்தில் மேஜை போடும் வேலை செய்தார்கள். ஷபாத் மாலையில் ஏரிக்கரையில் எல்லோருக்கும் முன்னால் நின்று பாடினார்கள். நான் வேலை பார்த்த எந்த மருத்துவமனையிலும் இவ்வளவு இயல்பாக அவர்களை நடத்திப் பார்த்ததில்லை.

பழையதாள்

இந்த முகாம்களின் வரலாறு எனக்குப் பிடித்த விஷயம். கொஞ்சம் சேர்க்கிறேன்.

தொடக்கத்தில் இது மதம் சார்ந்த முயற்சியே அல்ல. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்து நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடில் இருண்ட குடியிருப்புகளில் நெருக்கியடித்து வாழ்ந்த ஏழைக் குடியேறிகளின் பிள்ளைகள் கோடையில் நல்ல காற்றைச் சுவாசிக்கட்டும் என்றுதான் ஆரம்பித்தார்கள். 1902-ல் தொடங்கிய சர்ப்ரைஸ் லேக் முகாம் அப்படிப்பட்டது. பின்னாளில் பெரிய நகைச்சுவை நடிகரான எடி கேன்டர் சிறுவயதில் அங்கே போனவர். 1919-ல் செஜ்வின் முகாம் வந்தபோதுதான் யூதக் கல்வியை முகாமுக்குள் கொண்டுவரும் எண்ணம் வலுப்பெற்றது.

1923-ல் வந்த கிண்டர்லாண்ட், அதைப் போன்ற பாய்பெரிக் இரண்டும் வேறு ரகம். கடவுள் வழிபாடு இல்லாத, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் யிட்டிஷ் மொழியும் பண்பாடும் முதன்மையான முகாம்கள். கிண்டர்லாண்ட் தொழிலாளர் இயக்கத்தின் பிள்ளை. இன்றும் மாசசூசெட்ஸில் நடக்கிறது. இன்னொரு பக்கம் 1941-ல் மசாட் முகாம், முழுக்க முழுக்க ஹீப்ரு. பேஸ்பால் சொற்களுக்குக்கூட ஹீப்ருவில் பெயர் வைத்து விளையாடினார்கள்.

திருப்புமுனை நாஜிகள் நடத்திய இனப்படுகொலைக்குப் பிறகுதான். அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். உலக யூதர்களில் மூன்றில் ஒரு பங்கு. வில்னா, வார்சா என்று நூற்றாண்டுகளாக ஆசிரியர்களையும் நூல்களையும் தந்த நகரங்கள் துடைத்தெறியப்பட்டன. இனி அந்த மரபை அமெரிக்காவில் இருப்பவர்கள்தான் சுமக்க வேண்டும் என்ற அழுத்தம் வந்தது. ஆனால் அங்கே பிள்ளைகள் புறநகர்களில் வசதியாக, பெரும்பான்மைச் சமூகத்தில் வேகமாகக் கரைந்துகொண்டிருந்தார்கள். 1947-ல் விஸ்கான்சினின் கானோவரில் முதல் ரமா முகாம். 1952-ல் அதே மாநிலத்தின் ஒகோனமோவாக்கில் ரிஃபார்ம் பிரிவின் முகாம். 1959-ல் தப்பிப் பிழைத்த புண்டிஸ்டுகள் (புண்ட் என்ற யூத சோஷலிசக் கட்சியினர்) தங்கள் பிள்ளைகளுக்காக ஹெம்ஷெக் என்ற யிட்டிஷ் முகாமைத் தொடங்கினார்கள். வதைமுகாம்களிலிருந்து மீண்டவர்கள் தங்கள் பிள்ளைகளுக்காக இன்னொரு முகாம் கட்டினார்கள் என்பதை என்னால் சாதாரணமாக வாசித்துவிட்டுப் போக முடியவில்லை.

தனிவழி

எல்லோரும் நல்லதையே சொல்கிறீர்கள். எனக்கு இரண்டு மறுப்புகள் உண்டு.

ஒன்று, பணம். இரவு தங்கும் முகாமுக்கு வாரத்துக்கு ஆயிரம் டாலருக்கு மேல் ஆகிறது. இரண்டு பிள்ளை, நான்கு வாரம் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏழைக் குழந்தைகளுக்காகத் தொடங்கியது இன்று நடுத்தரக் குடும்பமே மூச்சு வாங்கும் இடத்துக்கு வந்துவிட்டது.

இரண்டு, அரசியல். இந்த முகாம்களில் பெரும்பாலானவற்றில் இஸ்ரேல் பாசம் சாப்பாடு போல ஊட்டப்படுகிறது. காலையில் கொடி, இஸ்ரேலிலிருந்து வரவழைக்கப்படும் இளைஞர்கள், நாட்டிய வகுப்பு. பிரிட்டிஷ் காவலைத் தாண்டிப் பாலஸ்தீனத்துக்குள் கள்ளத்தனமாக நுழைந்த அகதிகளைப் போல இரவில் பிள்ளைகளை ஓட வைக்கும் விளையாட்டு பல முகாம்களில் நடந்திருக்கிறது. பாலஸ்தீனர்கள் அந்தக் கதையில் எங்கே? இதை நான் மட்டும் கேட்கவில்லை. அந்த முகாம்களில் வளர்ந்த யூத இளைஞர்கள் பலரே "எங்களுக்கு ஏன் இதைச் சொல்லவில்லை" என்று வெளிப்படையாகக் கேட்டிருக்கிறார்கள். குழந்தையை வீட்டிலிருந்து பிரித்து, ஒரு மாதம் ஒரே சூழலில் வைத்து, பாட்டும் பாசமுமாகக் கொடுக்கும் எதையும் அது கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளும். எந்தச் சமூகம் செய்தாலும் இது எனக்குக் கவலைதான்.

ஏரிக்கரை

தனிவழி, இரண்டும் நியாயமான கேள்விகள்.

பணம் பற்றி நீங்கள் சொல்வது உண்மை. முகாம்களே இதை உணர்ந்திருக்கின்றன. 1998-ல் தொடங்கிய யூத முகாம் அறக்கட்டளை முதல்முறை வரும் பிள்ளைகளுக்கு ஆயிரம் டாலர் வரை உதவும் திட்டம் ஒன்றை நடத்துகிறது. அதுபோகத் தொழுகைக்கூடங்கள், முகாமின் சொந்த நிதி என்று கேட்டால் கிடைக்கும். இருந்தும் கேட்கத் தயங்கி விட்டுவிடும் குடும்பங்கள் எங்களுக்குத் தெரிந்தே இருக்கின்றன.

இஸ்ரேல் விஷயத்தில் என் மனைவியும் உங்கள் பக்கம்தான் நிற்பார். எங்கள் வீட்டில் பிள்ளைகள் திரும்பி வந்ததும் முகாமின் கதையில் இல்லாத பாலஸ்தீனர்களைப் பற்றியும் பேசுகிறோம். முகாமுக்கு முகாம் இது வேறுபடும். ஆர்த்தடாக்ஸிலேயே நியூயார்க்கின் காட்ஸ்கில் மலையில் யிட்டிஷ் பேசும், மிகவும் கட்டுப்பாடான ஹசிதியப் பிரிவின் முகாம்களில் கொடியும் நாட்டியமும் பார்க்க முடியாது. கிண்டர்லாண்டில் தொழிலாளர் உரிமையும் கறுப்பின மக்களின் போராட்டமும்தான் பாடம். பெற்றோர் தேர்ந்தெடுக்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி இது.

ஆனால் குழந்தை எதையும் கேள்வி கேட்காது என்பதை ஏற்க மாட்டேன். அங்கே ஆசிரியர்கள் என்று தாத்தாக்கள் யாரும் இல்லை. பதினெட்டு, பத்தொன்பது வயது வழிகாட்டிகள்தான் எல்லாம். விளக்கணைத்த பிறகு படுக்கையில் நடக்கும் பேச்சு இருக்கிறதே, கடவுள் உண்டா, நான் ஏன் தினம் பிரார்த்தனை செய்யவேண்டும், என் அப்பா யூதர் இல்லையே நான் பாதியா... இதையெல்லாம் என் மகள் கேட்டது எங்களிடம் இல்லை, யூத மதகுருவான ரப்பியிடமும் இல்லை, அந்தக் கல்லூரிப் பெண்ணிடம்தான். "எனக்கும் தெரியாது, நானும் யோசிக்கிறேன்" என்று அந்தப் பெண் சொன்னாளாம். இந்தப் பதிலை என் மகள் இன்றுவரை மதிக்கிறாள்.

ஆடி ஆவணி வாக்கில், முகாம் நடக்கும்போதே ஒரு துக்க நாளும் வரும். திஷா பாவ். கி.மு. 586-லும் கி.பி. 70-லும் எருசலேம் ஆலயங்கள் அழிந்ததை நினைத்து உண்ணாமல் இருக்கும் நாள். பெரியவர்கள் நோன்பு, சிறுவர்களுக்குச் சாப்பாடு உண்டு. முந்தின இரவு தரையில் உட்கார்ந்து, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் புலம்பல் நூலை மெல்லிய குரலில் வாசிப்பார்கள். மறுநாள் மாலை வரை முகாமில் கூச்சல் இல்லை, நீச்சல் இல்லை. பள்ளி விடுமுறையில் வருவதால் அமெரிக்க யூதப் பிள்ளைகளில் பலர் இந்த நாளை அறிவதே முகாமில்தான். இரண்டு நாள் கழித்து நிற அணிப் போர் தொடங்கும், முகாமே இரண்டாகப் பிரிந்து ஓட்டம், கயிறிழுப்பு, பாட்டு என்று அலறும். துக்கமும் கும்மாளமும் ஒரே இடத்தில், ஒரே நண்பர்களோடு.

தன்யூப்நதி

நான் புடாபெஸ்டில் வேலை செய்கிறேன். அமெரிக்கா மட்டும் பேசுகிறீர்களே, இங்கே ஹங்கேரியில் ஒன்று இருக்கிறது. தென்கிழக்கில் கொரோஷ் ஆற்றங்கரையில் சர்வாஷ் என்ற ஊர். கம்யூனிச ஆட்சி விழுந்ததும் 1990-ல் ஜேடிசி என்ற யூத நிவாரண அமைப்பும் லாடர் அறக்கட்டளையும் சேர்ந்து அங்கே முகாம் தொடங்கின. இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். இந்தியாவிலிருந்தும் யூதப் பிள்ளைகள் போயிருக்கிறார்கள்.

ஏன் முக்கியம் என்றால், 1944-ல் ஹங்கேரியிலிருந்து இரண்டே மாதத்தில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்களை, பெரும்பாலும் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு, நாடு கடத்தினார்கள். மிஞ்சியவர்களில் பலர் அதற்குப் பின் வந்த ஆட்சியில் தாங்கள் யூதர் என்பதைச் சொந்தப் பிள்ளைகளிடம்கூடச் சொல்லவில்லை. என் அலுவலகத் தோழிக்குப் பதின்மூன்று வயதில்தான் தெரிந்ததாம். அடுத்த கோடையே பாட்டி அவளைச் சர்வாஷுக்கு அனுப்பினார். ஷபாத் என்றால் என்ன என்று அவள் அங்கேதான் பார்த்தாள். திரும்பி வந்து தன் அம்மாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றச் சொல்லிக்கொடுத்தது அவள்தான். அமெரிக்காவில் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போவது, இங்கே பல வீடுகளில் பிள்ளையிடமிருந்து பெற்றோருக்குப் போயிருக்கிறது. வாசலில் காவலர்கள் நிற்கிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும். ஒரு குழந்தைகள் முகாமுக்கு அது தேவைப்படுகிறது என்பது வேதனை.

தனிவழி

தன்யூப்நதி, இந்தக் கதைக்கு நன்றி. அரசியல் பற்றிய என் கருத்து மாறவில்லை. ஆனால் சர்வாஷ் போன்ற இடத்தில் அந்தக் குழந்தைக்குக் கிடைத்ததை வேறு எந்த வகுப்பறையும் தந்திருக்காது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

முல்லைச்சரம்

எல்லோருக்கும் நன்றி. மகளோடு உட்கார்ந்து சேர்ந்தே வாசித்தேன். தோழியின் முகாம் அவளுக்கானது என்பதைப் புரிந்துகொண்டாள், கொஞ்சம் அழுதாள். எங்கள் ஊர் ஜேசிசி பகல் முகாமுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டேன். கடைசியாக ஒரு சந்தேகம். மதிய உணவு வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டுமாம். தயிர்சாதம் அனுப்பலாமா?

மருந்துப்பெட்டி

தாராளமாக. இறைச்சி இல்லாத சாப்பாடாக அனுப்பச் சொல்லித்தான் பல இடங்களில் கேட்பார்கள், தயிர்சாதம் அதற்குள் வந்துவிடும். தாளிக்கும்போது முந்திரி, வேர்க்கடலை மட்டும் போடாதீர்கள், ஒவ்வாமை காரணமாகப் பெரும்பாலும் அனுமதி இல்லை. பனிக்கட்டிப் பொட்டலம் வைத்த பையில் அனுப்புங்கள், ஜூலை வெயிலில் தயிர் புளித்துவிடும். மருத்துவப் படிவத்தில் குடும்ப மருத்துவரின் கையெழுத்து வேண்டும். ஜூனில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடுவார்கள், இப்போதே நாள் வாங்கிவிடுங்கள்.

ஏரிக்கரை

வெள்ளிக்கிழமைகளில் பகல் முகாமிலும் எல்லோரையும் உட்கார வைத்து ஷபாத் பாட்டு, ஹல்லா ரொட்டி உண்டு. மேஜை தட்டும் பாட்டை மகளுக்கு முன்கூட்டியே சொல்லிக்கொடுக்க வேண்டுமென்றால் என் மகளை அழைத்து வருகிறேன், நாங்கள் பக்கத்து ஊர்தான். தனிச்செய்தியில் எழுதுங்கள்.